ப்ரைட்குரூமுக்குள் குதிரைக்காரன் எப்படி வந்தான்?

கேள்வி:
ஆங்கிலத்தில் மணமகன் ‘ப்ரைட்குரூம்’. ‘குரூம்’ என்றால் குதிரை லாயத்து ஆள். மணமகள் ஏறிவரும் குதிரையைப் பிடித்து வந்தவன் என்பதால் இந்தப் பெயர் என்று ஒரு விளக்கம் உலவுகிறது. சரிதானா? பழைய ஆங்கிலத்தில் ‘குமா’ என்று ஒரு சொல் இருந்ததாகவும் படித்தேன்.

பதில் 1:
குதிரை விளக்கம் கட்டுக்கதை. விடை குமாதான். ஆண், மனிதன் என்று பொருள். பெரும்பாலும் செய்யுள் வழக்கு. பேயோவுல்ஃப் என்ற பழைய ஆங்கிலக் காவியத்தில் ‘மனிதர்களுடைய’ என்ற பொருளில் ‘குமெனா’ என ஆறாம் வேற்றுமைப் பன்மையாக வரும். ‘ப்ரூட்’ மணமகள், ‘ப்ரூட்குமா’ அவளுக்குரிய ஆண். (அந்த ‘ரூ’வை எழுதியபடி வாசிக்க வேண்டாம். ‘ஊ’வுக்கு உதட்டைக் குவித்து வைத்துக்கொண்டு ‘ஈ’ என்று சொன்னால் சரியான ஒலி வரும்.)

விவிலியத்தில் யோவான் 3:29ஐப் பாருங்கள். பழைய ஆங்கில நற்செய்தியில் ‘ப்ரூட்குமா’. 14ஆம் நூற்றாண்டு விக்லிஃப் விவிலியத்தில் ‘கணவன்’ என்ற சொல். 1526இல் டிண்டேல் மொழிபெயர்ப்பில் ‘ப்ரைட்குரூம்’ வந்துவிடுகிறது. இடைக்காலத்தில் குமா ‘கோம்’ எனத் தேய்ந்து, மோனைப் பாடல்களில் கொஞ்ச காலம் ஒட்டிக்கொண்டிருந்து, பிறகு வழக்கொழிந்தது. கூட்டுச்சொல்லின் பின்பாதி யாருக்கும் புரியாமல் போனது. ‘குரோம்’ (இன்றைய ‘குரூம்’) என்ற சொல்லோ அன்றாடப் புழக்கத்தில் இருந்தது. இரண்டுக்கும் ஒரு ரகரம்தான் வித்தியாசம். புரியாததைத் தள்ளிவிட்டுத் தெரிந்ததைப் போட்டுக்கொண்டார்கள்.

பதில் 2:
ஆண்டுக்கணக்கும் குதிரைக்கு எதிராகத்தான் இருக்கிறது. குரூம் 1200 வாக்கில் ‘பையன்’, பிறகு ‘பணியாள்’. எட்டாம் ஹென்றியின் கழிப்பிடத் தேவைகளைக் கவனித்தவருக்குக்கூட குரூம் என்றுதான் பதவிப்பெயர், அதுவும் செல்வாக்கான பதவி! குதிரை பராமரிப்பவன் என்ற தனிப்பொருள் 17ஆம் நூற்றாண்டில்தான் நிலைக்கிறது. டிண்டேலுக்கு நூறாண்டுக்கும் மேல் பிந்திய பொருளை அவர் சொல்லுக்குள் நுழைக்க முடியாது.

இன்னொரு சோதனை: இனமொழிகளில் அந்த ரகரம் இருக்கிறதா என்று தேடுங்கள். ஜெர்மனில் ‘ப்ராய்டிகாம்’, ஸ்வீடிஷில் ‘ப்ரூட்கும்’. பின்பாதியில் ரகரமே கிடையாது. ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் அது பிற்கால ஒட்டு. சொற்பிறப்பு பார்ப்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்: இன்றைய எழுத்துக்கூட்டலை வைத்துக்கொண்டு பிரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அப்படியானால் ‘ஹியூமன்’ குமாவிலிருந்து வந்ததா?

பதில் 1:
இல்லை. ஹியூமன் லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த கடன்சொல். ஆனால் லத்தீன் ‘ஹோமோ’வும் குமாவும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரின் கிளைகள், வேரின் பொருள் ‘மண்’. மண்ணில் வாழ்பவன் மனிதன். லத்தீனில் ஹகரமாக நிற்பது ஜெர்மானியக் கிளையில் ககரமாக வரும். ‘ஹோர்டுஸ்’ (தோட்டம்)–‘கார்டன்’, ‘ஹோஸ்டிஸ்’ (அந்நியன்)–‘கெஸ்ட்’ ஜோடிகளிலும் இதே ஒழுங்குதான். ஒலி ஒற்றுமையை மட்டும் நம்பாமல், இப்படி வேறு ஜோடிகளிலும் அதே மாற்றம் வருகிறதா என்று பார்த்த பிறகே உறவு சொல்ல வேண்டும்.

பதில் 3:
‘ப்ரைடல்’ என்ற சொல்லையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். கடைசி ‘அல்’ பெயரடை விகுதி போலத் தெரியும். உண்மையில் அது ‘ஏல்’ என்ற பார்லி மது. பழைய ஆங்கிலத்தில் ‘ப்ரூட்-எயாலு’ என்றால் கல்யாண விருந்து. பெயர்ச்சொல்லாக இருந்ததை, விகுதியைப் பார்த்து ஏமாந்துதான் பெயரடையாக்கினார்கள்.