சகபுலாஸ் (குவாத்தமாலா): பஸ் மாறும் ஊரா, தங்கும் ஊரா?

மலைப்பாதை கேட்டது:
வணக்கம். பிப்ரவரியில் மூன்று வாரம் குவாத்தமாலா போகிறேன். ஆன்டிகுவாவில் இரண்டு வாரம் ஸ்பானிஷ் வகுப்பு, அப்புறம் வடக்கே நெபாஹ், அங்கிருந்து கோபான். வழியில் ரியோ நெக்ரோ ஆற்றங்கரையில் சகபுலாஸ் என்று ஓர் ஊர். போனவர்கள் எல்லாரும் அங்கே பஸ் மாறியதைத்தான் எழுதுகிறார்கள், தங்கியதாக எழுதியவரைக் காணோம். நான் விவசாயக் குடும்பத்துப் பெண், எந்த ஊருக்குப் போனாலும் முதலில் வயலைத்தான் பார்ப்பேன். தனியாகப் போய் ஓர் இரவு தங்கலாமா?

ஆற்றுமணல்:
தங்குங்கள், முடிந்தால் இரண்டு இரவு. மாகாணத் தலைநகரான சாந்தா குரூஸ் தெல் கிச்சே கிட்டத்தட்ட 2,000 மீட்டர் உயரம், காலையில் ஸ்வெட்டர் வேண்டும். அங்கிருந்து மைக்ரோபஸ் வளைந்து வளைந்து இறங்கி ஆற்றுக்கு வரும்போது 1,200 மீட்டர்தான் இருக்கும், வெயில் சுள்ளென்று அடிக்கும். பிப்ரவரியில் மலையெல்லாம் காய்ந்து பழுப்பாகக் கிடக்கும், ஆற்றோரம் மட்டும் பச்சைப்பசேல் என்று வெங்காயப் பாத்திகள். நம் சின்ன வெங்காயம் இல்லை, பெரிய வெங்காயம், தாளோடு கட்டுக்கட்டாகக் கட்டி பிக்கப் வண்டியில் ஏற்றுவார்கள்.

வயலை விட்டால் அங்கே பார்க்க வேண்டியது உப்பு. கடல் எங்கோ இருக்க, இந்த ஆற்றங்கரையில் உப்பு ஊற்று இருக்கிறது, ஸ்பானியர்கள் வருவதற்கு முன்பிருந்தே உப்பு எடுக்கிறார்கள். ஊற்றுத் தண்ணீரை மண்மேல் தெளித்து வெயிலில் காயவிட்டு, அந்த மண்ணை அள்ளித் தண்ணீர் விட்டு வடித்து, வடிந்த உப்புநீரை விறகடுப்பில் காய்ச்சுகிறார்கள். நான் வாங்கியது உள்ளங்கை அளவு வட்டம், சாம்பல் நிறம், ஓரத்தில் புகை வாசனை. கறுப்பு உப்பு என்றுதான் பெயர். மழைக்காலத்தில் இந்த வேலை ஓடாது, அதனால் பிப்ரவரி சரியான மாதம். இப்போது இதைச் செய்பவர்கள் மிகவும் குறைவு, கேட்டுவிட்டுப் போய்ப் பாருங்கள், ஒரு கட்டி வாங்கிக்கொண்டு வாருங்கள்.

சந்தை வியாழன், ஞாயிறு, சதுக்கத்து இலவ மரங்களின் அடியில்.

ஊர்க்குருவி:
நானும் தனியாகப் போன பெண்தான். ஓர் இரவு தங்கினேன், எளிய அறை, தொந்தரவு எதுவும் இல்லை. பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர்ந்துவிடுங்கள், சாயங்காலத்துக்குப் பிறகு வண்டியை நம்ப முடியாது. பணத்தைச் சாந்தா குரூஸிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

பேச்சு சகபுல்தெக், அது ஒரு மாயா மொழி. பக்கத்தில் கிச்சேயும் பேசுகிறார்கள், அதில் நன்றிக்கு "மல்தியோஷ்". அதைச் சொன்னதும் வெங்காயக்காரம்மா என்னைத் திரும்பச் சொல்லச் சொல்லி மகளையும் கூப்பிட்டுவிட்டார். கேட்காமல் யாரையும் படம் எடுக்காதீர்கள், குழந்தைகளை எடுக்கவே வேண்டாம். இன்னொன்று, 1960 முதல் 1996 வரை நடந்த உள்நாட்டுப் போரில் மிக அதிகமாக அடிபட்டது இந்த கிச்சே மாகாணம். இதே ஆற்றின் கீழ்ப்பக்கம் சிக்சோய் அணைக்காக 1982இல் ரியோ நெக்ரோ கிராமத்து மக்களை ராணுவமும் அதன் துணைப்படையும் கொன்றார்கள். பெரியவர்களிடம் நீங்களாக அந்தப் பேச்சை எடுக்காதீர்கள், அவர்களாகச் சொன்னால் உட்கார்ந்து கேளுங்கள்.

மலைப்பாதை:
இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. அப்படியானால் புதன் மதியம் போய்ச் சேர்ந்து வெள்ளி காலை கிளம்புகிறேன். கோபான் பக்கம் சாலை எப்படி?

ஆற்றுமணல்:
உஸ்பந்தான் வழியாகத்தான் போக வேண்டும். அதைத் தாண்டி, கோபானுக்கு முன்னால், 2009 ஜனவரியில் ஒரு மலைச்சரிவே இறங்கிப் பலர் இறந்துபோன இடம் வரும். நான் செப்டம்பர் மழையில் போய் அந்தப் பக்கம் அரை நாள் நின்றேன். பிப்ரவரியில் அவ்வளவு பயமில்லை, ஆனாலும் காலை முதல் வண்டியைப் பிடியுங்கள். எத்தனை மணிக்கு என்று முந்தின நாளே பாலத்துக்குப் பக்கத்தில் நிற்கும் வண்டிக்காரர்களிடம் கேட்டு வையுங்கள்.