ஆளுக்கொரு ரேட்டா, மூன்று கிரேடு போதுமா?

ஆர்டர்மேசை:
எக்செல் ஷீட்டில் ஓட்டிக்கொண்டிருந்த ஆர்டர்களை மென்பொருளுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறோம். வாடிக்கையாளர்கள் 240 பேர், பொருட்கள் 1,800. யாருக்கு என்ன ரேட் என்பது இதுவரை பாதி ஷீட்டில் இருந்தது, மீதி சேல்ஸ் ஆட்களின் தலையில் இருந்தது. மென்பொருளுக்குத் தலைக்குள் எட்டிப் பார்க்கத் தெரியாதே, எல்லாவற்றையும் எழுதிப் போட்டாக வேண்டும்.

என் யோசனை, ஏ, பி, சி என்று மூன்று கிரேடு. பட்டியல் விலையில் ஏ-வுக்கு 15%, பி-க்கு 10%, சி-க்கு 5% கழிவு. யார் எந்த கிரேடு என்று வாடிக்கையாளர் பக்கத்தில் ஒரே ஒரு இடத்தில் குறித்தால் போதும். சேல்ஸ் பக்கம் முறைக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனி விலைப்பட்டியல் வேண்டுமாம். இதைச் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

சேல்ஸ்_சுற்று:
உங்கள் சேல்ஸ் ஆட்கள் சொல்வதுதான் சரி. கிரேடு என்பது டேட்டா என்ட்ரி செய்பவரின் வசதிக்காக வந்தது, வியாபாரத்துக்காக வந்ததல்ல.

என்னிடம் ஒருவர் இருக்கிறார். அவர் வாங்குவதில் முக்கால்வாசி ஒரே பொருள். அந்த ஒன்றுக்கு 18% கழிவு கேட்டு வாங்கிவிட்டார். மற்றவற்றைப் பட்டியல் விலைக்கே எடுக்கிறார், ஒரு வார்த்தை பேசமாட்டார். இவரை எந்த கிரேடில் போடுவீர்கள்? ஏ-வில் போட்டால் முக்கியமான பொருளில் கழிவு 3% குறைகிறது, மறுநாளே போன் வரும். அவர் கேட்கவே கேட்காத பொருட்களுக்கோ நீங்களாகப் போய் 15% அள்ளிக் கொடுக்கிறீர்கள். இரண்டு பக்கமும் நஷ்டம்.

கணக்குக்கண்:
சேல்ஸ் சார் கதை நன்றாக இருக்கிறது. ஆனால் 240-ஐ 1,800-ஆல் பெருக்கிப் பாருங்கள். 4,32,000 விலைகள். கொள்முதல் விலை ஏறினால் அத்தனையையும் திருத்தப்போவது யார்? நீங்களா?

முன்பு வேலை பார்த்த இடத்தில் பட்ட பாட்டைச் சொல்கிறேன். அங்கே ஆளுக்கொரு ரேட்தான், அதுவும் சதவீதமாக இல்லாமல் நேரடித் தொகையாகப் போட்டு வைத்திருந்தார்கள். சப்ளையர் விலையை ஏற்றினார், நாங்கள் பட்டியல் விலையை ஏற்றினோம், எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம். ஒரு வாடிக்கையாளரின் தனி விலை மட்டும் பழையபடியே கிடந்தது. ஏழு மாதம் அவருக்கு அடக்கவிலைக்கும் கீழே அனுப்பியிருக்கிறோம். அவர் ஆர்டர் மட்டும் மாதாமாதம் பெருகியதை மீட்டிங்கில் கைதட்டிப் பாராட்டினோம். கடைசியில் பொருள்வாரியாக லாபத்தை எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அன்றையிலிருந்து தனி விலை என்றாலே எனக்கு ஒவ்வாது.

சேல்ஸ்_சுற்று:
அது தனி விலையின் குற்றமா? முடிவுத் தேதி போடாமல் விட்டவரின் குற்றம். விலை ஒப்பந்தத்துக்கு ஆரம்பம் இருந்தால் முடிவும் இருக்க வேண்டும். தேதி தாண்டியதும் தானாகப் பட்டியல் விலைக்குத் திரும்பிவிட்டால் உங்கள் ஏழு மாதக் கதையே இல்லை.

கணக்குக்கண்:
தானாகத் திரும்பினால் அந்த வாடிக்கையாளர் சும்மா இருப்பாரா? முதல் பில்லிலேயே உங்களைக் கூப்பிடுவார், நீங்கள் என்னைக் கூப்பிட்டு “ஒரு வாரம் நீட்டிக் கொடுங்கள்” என்பீர்கள். நீட்டித்து நீட்டித்து அது நிரந்தரமாகிவிடும். பார்த்தாயிற்று சார்.

நிரலாளி:
இரண்டு பேரும் ‘இதுவா அதுவா’ என்று கேட்கிறீர்கள். மென்பொருள் அப்படிக் கேட்பதே இல்லை. ஆர்டரில் ஒரு வரி விழுந்ததும் அது வரிசையாகத் தேடுகிறது. இந்த ஆளுக்கு இந்தப் பொருளுக்குத் தனி விலை இருக்கிறதா? இருந்தால் அதோடு சரி. இல்லையென்றால் இவருடைய கிரேடுக்கு விலை இருக்கிறதா? அதுவும் இல்லையென்றால் பட்டியல் விலை. எஸ்ஏபி என்ற வியாபார மென்பொருளில் இதற்கு அக்சஸ் சீக்வென்ஸ் (தேடும் வரிசை) என்று பெயர், வரிசையை நாமே அமைக்கலாம். ஓடூ என்ற மென்பொருளின் விலைப்பட்டியலில் தனிப் பொருளுக்கான விதி முதலில், பொருள் வகைக்கானது அடுத்து, எல்லாவற்றுக்குமானது கடைசி. ஈஆர்பிநெக்ஸ்ட் என்ற இன்னொரு மென்பொருளில் விதிக்கு 1 முதல் 20 வரை முன்னுரிமை எண் கொடுக்கலாம். பெரிய எண்தான் ஜெயிக்கும்.

ஆகவே 4,32,000 என்பது பூச்சாண்டி. கிரேடு எல்லோருக்கும் அடித்தளம், தனி விலை அதன் மேல் ஒட்டும் விதிவிலக்கு. சேல்ஸ் சாரின் ஆளுக்கு ஒரே ஒரு வரி போட்டால் முடிந்தது, அவரை எந்த கிரேடிலும் சேர்க்காமல் பட்டியல் விலையிலேயே விட்டுவிடலாம்.

உண்மையான சண்டை வேறு இடத்தில் இருக்கிறது, அதை யாரும் தொடவில்லை. ஒருவருக்கு ஒப்பந்த விலை 92. இந்த மாதம் எல்லோருக்கும் சலுகை விலை 88 என்று அறிவிக்கிறீர்கள். அவருக்கு எது? ‘தனி விலை முதலில்’ என்று அமைத்திருந்தால் 92 விழும். ‘இருப்பதில் குறைந்தது’ என்று அமைத்திருந்தால் 88. இதை முதல் நாளே முடிவு செய்துகொள்ளுங்கள், அப்புறம் மாற்றினால் பழைய ஆர்டர் திருத்தும்போதெல்லாம் விலை குதிக்கும்.

சேல்ஸ்_சுற்று:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? 88-தான். வருடக்கணக்காக நம்மிடம் வாங்குகிறவர், நேற்று வந்தவரைவிட 4 கூடக் கொடுப்பதா?

கணக்குக்கண்:
யோசிக்க நிறைய இருக்கிறது. அந்த 92 வெறும் 92 இல்லை. 60 நாள் கடன், வண்டிச் செலவு நம்முடையது. 88 சலுகையோ ரொக்கத்துக்கு, சரக்கை அவரே எடுத்துக்கொள்ள வேண்டும். ‘குறைந்தது எதுவோ அது’ என்று விட்டால் அவருக்கு 88-ம் கிடைக்கும், 60 நாளும் கிடைக்கும், வண்டியும் போகும். விலையைத் தனியாகவும் நிபந்தனையைத் தனியாகவும் பிரித்துப் போட்டால் இப்படித்தான் ஆகும்.

இதில் இன்னொரு கூத்து, கழிவின் மேல் கழிவு. உதாரணத்துக்கு, கிரேடில் 20%, சலுகையில் 10% என்று வையுங்கள். சேல்ஸ் வாயால் 30% என்று சொல்லிவிட்டு வருவார். மென்பொருள் 100-ஐ 80 ஆக்கி, அதிலிருந்து 8 கழித்து 72 என்று பில் போடும். வாடிக்கையாளர் 70 எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பார். பேச்சு வாங்குவது நான்.

சேல்ஸ்_சுற்று:
நிபந்தனை விஷயம் நியாயம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வாடிக்கையாளர் அந்தக் கணக்கெல்லாம் போடமாட்டார். “எனக்கு மட்டும் ஏன் கூட” என்று ஒரே கேள்விதான் கேட்பார். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான்.

நிரலாளி:
நடுவழி ஒன்று உண்டு. ஒப்பந்த விலையே விழட்டும். அதைவிடக் குறைவான சலுகை ஓடிக்கொண்டிருந்தால் ஆர்டர் எடுப்பவரின் திரையில் ஒரு எச்சரிக்கை வரட்டும். “இரண்டும் இருக்கிறது, ரொக்கத்துக்கு எடுத்தால் 88, எது வேண்டும்?” என்று அவர் போனிலேயே கேட்டுவிடலாம்.

கிடங்குவாசல்:
எல்லோரும் ஆபீஸில் உட்கார்ந்து பேசுகிறீர்கள். கிடங்கிலிருந்து ஒரு குரல். கிரேடு, தனி விலை இரண்டையும் விட ஆபத்தானது அளவு ஸ்லாப், அதாவது கூட வாங்கினால் ஒன்றின் விலை குறையும் முறை.

1 முதல் 99 வரை ஒன்று 10, 100-ம் அதற்கு மேலும் ஒன்று 9 என்று வைத்திருக்கிறீர்கள். 95 வாங்குகிறவர் 950 கட்ட வேண்டும். 100 வாங்குகிறவருக்கு 900. அதாவது ஐந்து கூட எடுத்தால் 50 மிச்சம். எவர் 95 எடுப்பார்? 100 ஆர்டர் வரும், பத்து நாளில் 10 திரும்பி வரும், வாங்கிய விலைக்கே 90 வரவு வைத்து அனுப்புவோம். கடைசியில் 90 பொருளை 9-க்கு கொடுத்தாயிற்று. ஸ்லாப் ஒப்பந்தம் காற்றில் போயிற்று.

இதை அடைக்க இரண்டு வழி உண்டு. ஸ்லாப் விலை முழு அளவுக்கும் பொருந்தாமல், 99-ஐத் தாண்டிய எண்ணிக்கைக்கு மட்டும் பொருந்துமாறு அமைக்கலாம். அப்போது 100-க்கு 999 வரும். அல்லது திரும்பி வந்தால் மீதமுள்ள அளவுக்கு விலையை மறுபடி கணக்கிடலாம். எத்தனை மென்பொருளில் இரண்டாவது சுலபமாக வரும் என்று நிரலாளி சார்தான் சொல்ல வேண்டும்.

அப்புறம் யூனிட்டைப் பாருங்கள். தனி விலையை பெட்டிக்குப் போட்டிருப்பார்கள், ஆர்டர் எண்ணிக்கையில் வரும். 12 கொண்ட பெட்டியின் விலைக்கு ஒன்றே ஒன்று என்று பில் ஆனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். வாடிக்கையாளர் சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்பினார். எதிர்ப்பக்கமாகத் தவறியிருந்தால் சிரித்துக்கொண்டே வைத்துக்கொண்டிருப்பார்.

நிரலாளி:
சுலபமாக வராது. பெரும்பாலும் திரும்பும் சரக்குக்கு பழைய இன்வாய்ஸ் விலையில் கிரெடிட் நோட் போடுவார்கள், அதோடு நிறுத்திக்கொள்வார்கள். மறுகணக்கு வேண்டுமென்றால் தனியாக எழுதத்தான் வேண்டும். தாண்டிய அளவுக்கு மட்டும் என்ற முறையே நிம்மதி.

சொல்ல மறந்தது ஒன்று, ரவுண்டிங். பட்டியல் விலை 3.35, கழிவு 15%. வருவது 2.8475. ஒன்றின் விலையை 2.85 என்று ரவுண்ட் செய்து 1,000-ஆல் பெருக்கினால் 2,850. பெருக்கிய பிறகு ரவுண்ட் செய்தால் 2,847.50. உங்கள் மென்பொருள் ஒரு விதமாகவும் வாடிக்கையாளரின் கொள்முதல் மென்பொருள் இன்னொரு விதமாகவும் செய்தால், 2.50 வித்தியாசத்துக்காக முழு பில்லும் பாஸ் ஆகாமல் நிற்கும்.

இன்னொன்று, ஆர்டர் உறுதியானதும் விலையை அந்த ஆர்டர் வரியிலேயே நகலெடுத்து வைக்க வேண்டும். விலைப்பட்டியலைச் சுட்டிக்காட்டுவதோடு விட்டால், பட்டியலைத் திருத்தும் அன்று பழைய ஆர்டர்கள் எல்லாம் சேர்ந்து மாறும்.

கணக்குக்கண்:
இந்த ரவுண்டிங் விஷயத்துக்கு நிரலாளிக்கு ஒரு கும்பிடு.

நானும் ஒரு படி இறங்கி வருகிறேன். தனி விலை இருக்கட்டும், ஆனால் நேரடித் தொகையாக வேண்டாம். பட்டியலிலிருந்து இத்தனை சதவீதம் என்று போட்டால், பட்டியல் ஏறும்போது அதுவும் ஏறும். அதோடு ஒரு தரைவிலை வேண்டும். அடக்கவிலையோடு குறைந்தபட்ச லாபம் சேர்த்து, அதற்குக் கீழே போனால் ஆர்டர் மேலாளரிடம் போய் நிற்க வேண்டும். தரைவிலை போடும்போது கவனமாக இருங்கள். அடக்கவிலை 80-ன் மேல் 25% ஏற்றினால் 100 வரும், ஆனால் விற்பனை விலையில் லாபம் 20%தான். எங்கள் ஆபீஸில் ஒருவர் 25 என்று சொன்னது அடக்கவிலையின் மேல், இன்னொருவர் அதை மென்பொருளில் போட்டது விற்பனை விலையின் மேல். நல்ல நிலையில் இருந்த ஆர்டர்கள் பாதி தடைபட்டு நின்றன.

சேல்ஸ்_சுற்று:
சதவீதம் மட்டும் என்றால் நான் வரவில்லை. வருடம் முழுக்க விலை மாறாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஒப்பந்தங்கள் இருக்கின்றன. அங்கே தொகைதான் பேச்சு. தரைவிலைத் தடையை வேண்டுமானால் வையுங்கள், ஆனால் மேலாளர் ஒரு மணி நேரத்தில் பதில் சொல்ல வேண்டும். மூன்று நாள் நின்றால் ஆர்டர் வேறு ஆளிடம் போய்விடும்.

ஆர்டர்மேசை:
எல்லோருக்கும் நன்றி. நேற்று உட்கார்ந்து செய்தது இது. மூன்று கிரேடும் இருக்கிறது. தனி விலை வேண்டுமென்றால் மூன்று கட்டங்கள் நிரப்பாமல் சேமிக்க முடியாது: காரணம், கேட்டவர் பெயர், முடிவுத் தேதி. கையெழுத்தான ஒப்பந்தத்துக்கு மட்டும் தொகை, மற்றதெல்லாம் சதவீதம். ஒப்பந்த விலை முதலில், சலுகைக்கு எச்சரிக்கை.

பழைய ஷீட்டில் 61 பேருக்குத் தனி விலை இருந்தது. கிரேடைப் போட்டு ஒப்பிட்டுப் பார்த்தால் அதில் 38 பேரின் விலை கிரேடு விலையேதான், யாரோ அவசரத்தில் தட்டி வைத்தது. மிச்சம் 23.

சேல்ஸ்_சுற்று:
அந்த 23-ல் முடிவுத் தேதி கொடுக்காதவர்கள் எத்தனை பேர்?

ஆர்டர்மேசை:
19. எல்லாம் ஒரே சேல்ஸ் ஆளின் வாடிக்கையாளர்கள். நாளைக்கு டீக்குக் கூப்பிட்டிருக்கிறேன்.