‘அகத்தகவல் கையாடல்’ வேண்டாம், ‘அகத்தகவல் அத்துமீறல்’ வைப்போம்

> அண்ணே, ‘கையாடல்’ நம்ம பக்கம் எல்லாருக்கும் தெரிந்த சொல். ‘அகத்தகவல் கையாடல்’ என்றே வைத்துக்கொள்ளலாமே?

தம்பி,

ஒருவரின் அந்தரங்கத் தகவலை முறையின்றிப் பயன்படுத்துவதை ஆங்கிலச் சட்டத்தில் ‘misuse of private information’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும்போது எனக்கும் முதலில் ‘கையாடல்’ பிடித்திருந்தது. மலேயாவில் கடையை மேலாளை நம்பி விட்டுவந்தோம், அவர் பெட்டிப் பணத்தில் கைவைத்தார் என்றால் கையாடல். ஆனால் அதற்கு நம்பிக் கொடுத்தவர் ஒருவர் வேண்டும், வாங்கியவர் ஒருவர் வேண்டும். இடிப்பது அங்கேதான்.

போன வருசம் எங்கள் வீட்டில் பங்கு பிரித்தபோது, இரண்டாங்கட்டில் கிடந்த தகரப்பெட்டிகள் காரைக்குடியில் ஒரு பழைய சாமான் கடைக்குப் போயின. ஒன்றின் அடியில், அப்பத்தா பினாங்குக்கு எழுதிய நீலநிற ஏர்லெட்டர்கள் இருந்திருக்கின்றன. என் அத்தைக்குச் சிறு வயதில் வலிப்பு வந்ததை எழுதியிருந்த பக்கத்தை, பெட்டியை வாங்கிய ஒருவர் பெயரும் ஊரும் தெரியப் படமெடுத்து முகநூலில் போட்டுவிட்டார். அத்தைக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. அதைப் பார்த்த அன்று அவர் சாப்பிடவே இல்லை. வாங்கியவர் காசு கொடுத்தவர், திருடவில்லை. நாங்கள் அவரிடம் எதையும் நம்பி ஒப்படைக்கவும் இல்லை. இது எப்படிக் கையாடல் ஆகும்?

இங்கிலாந்தில் அப்போது உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை, 2004-இல் மாடல் அழகி நவோமி கேம்பல் வழக்கில் இந்த முடிச்சைத்தான் அவிழ்த்தது. போதைப் பழக்கத்திலிருந்து மீள அவர் போய்வந்த கூட்டத்தின் விவரத்தை டெய்லி மிரர் பத்திரிகை படத்தோடு போட்டது. ஐந்து நீதிபதிகளில் மூவர் அவர் பக்கம் நின்றார்கள். நம்பிக்கை உறவு இருந்ததா என்ற பழைய கேள்வி போய், இது தன்னோடு இருக்கும் என்று அவர் நியாயமாக எதிர்பார்க்கலாமா என்ற கேள்வி வந்தது. பத்திரிகைச் சுதந்திரத்தையும் எதிர்த்தட்டில் வைத்து நிறுக்கிறார்கள். அது வேண்டியதுதான்.

சென்ற மடலில் ஒருவர் ‘அலர்’ சேர்க்கச் சொன்னார். அழகான சொல், ஆனால் ஊரறியப் பரவினால்தான் அலர். 2015-இல் இங்கிலாந்தில் தீர்ப்பான விடல்-ஹால் வழக்கில், சஃபாரி உலாவியில் கூகுள் ‘குக்கீ’ என்ற சிறு கோப்பை வைத்து ஆட்களின் இணையப் பழக்கங்களைத் திரட்டியது என்பதே புகார். ஊருக்குச் சொல்லாமலே தீங்கு நடக்கலாம்.

‘அகத்தகவல்’ மட்டும் மாறக்கூடாது. அகத்திணையில் ஒருவர் பெயரைச் சுட்டக்கூடாது என்று தொல்காப்பியமே விதி செய்திருக்கிறது; இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும்? ‘தனியுரிமை’ உரிமையின் பெயர், தகவலின் பெயர் அல்ல. இந்தியாவின் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் பேசும் ‘தனிநபர் தரவு’ ரொம்ப அகலம்: அத்தையின் கைபேசி எண்ணும் அதில் வரும், வலிப்பும் வரும்.

அத்து என்றால் எல்லை. நம் வீடுகளில் திண்ணையில் யாரும் உட்காரலாம். முகப்புக் கதவு திறந்தே கிடந்தாலும், கூப்பிடாமல் வீட்டின் உட்பகுதியான வளவுக்குள் யாரும் வருவதில்லை. கேம்பல் வழக்கு கேட்டதும் அந்த எல்லையைத்தான். நிலத்தில் அத்துமீறி நுழைவதோடு குழம்பும் என்கிறாய். முன்னால் ‘அகத்தகவல்’ நிற்கும்போது குழம்பாது.

மனுவில் எழுதுவதுபோல் எழுதிப் பார்த்தேன்: “பிரதிவாதி, வாதியின் அகத்தகவலில் அத்துமீறியுள்ளார்.” அத்தையிடம் வாசித்துக் காட்டினேன். விளக்கம் கேட்கவில்லை.