ஓய்வுக்காலக் கணக்கு எங்கே உதைக்கிறது? – அனுபவப் பகிர்வு

நிதி ஆலோசகர்:

திட்டம் போட வரும் குடும்பங்களிடம் முதல் கேள்வியே "மாதம் எவ்வளவு செலவாகிறது?" என்பதுதான். சட்டென்று ஒரு எண் வரும். அதில் வாடகை, மளிகை, பள்ளிக் கட்டணம் எல்லாம் இருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை கட்டும் பிரீமியம், வண்டிப் பழுது, பல் மருத்துவம், ஆயுள் முடிந்து மாற்ற வேண்டிய ஃபிரிட்ஜ் இருக்காது. 12 மாத வங்கி அறிக்கையை எடுத்து, சேமிப்புக்குப் போனது தவிர மற்றதையெல்லாம் கூட்டி 12-ஆல் வகுங்கள். பெரும்பாலும் வாயால் சொன்ன எண்ணைவிடக் கூடுதலாகத்தான் வரும்.

அதிலிருந்து வேலைக்குப் போவதால் மட்டும் ஆகும் செலவையும், ஓய்வுக்குள் முடிந்துவிடும் தவணைகளையும், பிள்ளைகள் செலவையும் கழியுங்கள். மருத்துவத்தைத் தாராளமாகக் கூட்டுங்கள். 'இப்போதைய செலவில் 70 சதவீதம் போதும்' என்ற பொதுச் சூத்திரம் வீட்டுக்கடன் அடைத்தவருக்கு அதிகம், காலமெல்லாம் வாடகை கட்டுபவருக்குக் குறைவு. இரண்டு பேருக்கும் ஒரே சட்டை தைப்பது போலத்தான் அது.

வந்த எண் 100 என்று வையுங்கள். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், அது இரட்டிப்பாகும் காலத்தைத் தோராயமாகக் காண 72-ஐ 6-ஆல் வகுக்க 12. அதாவது 12 ஆண்டில் 200, ஓய்வுக்கு 24 ஆண்டு இருந்தால் அப்போது 400. இதுவரை பலரும் சரியாகவே போடுகிறார்கள். அதன் பிறகு அந்த 400-ஐ அப்படியே கடைசிவரை வைத்துக்கொள்வதில்தான் கணக்கு உதைக்கிறது. ஓய்வு பெற்றுப் 12 ஆண்டு கழித்து அதே வாழ்க்கைக்கு 800 வேண்டும்.

காப்பீட்டுக் கணிப்பாளர்:

மேலே சொன்னதோடு ஒன்று. எத்தனை ஆண்டுக்குப் பணம் வேண்டும் என்பதை ஓய்வு பெறுபவரின் வயதை வைத்தே போட்டுவிடுகிறார்கள். கணவருக்கு 60, மனைவிக்கு 52 என்றால், இளையவரின் 90 வயது வரை, அதாவது 38 ஆண்டுக்குக் கணக்கிட வேண்டும். 25 ஆண்டுக்குப் போட்ட திட்டம், அவருக்கு 77 வயதாகும்போது காலியாகிவிடும்.

"ஆண்டுச் செலவைப் போல் 25 மடங்கு சேர்த்தால் போதும்" என்று எல்லாரும் சொல்கிறார்கள் அல்லவா, அதன் வேர் அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் 1994-இல் எழுதிய கட்டுரை. அமெரிக்கப் பங்கு, பத்திர வரலாற்றை வைத்து, பணம் குறைந்தது 30 ஆண்டு தாங்குமா என்று பார்த்தார். முதலாண்டு மொத்தத்தில் 4 சதவீதம் (25-இல் ஒரு பங்கு) எடுப்பது, அடுத்த ஆண்டு முதல் அந்தத் தொகையை விலைவாசிக்கு ஏற்ப உயர்த்திக்கொள்வது, இதுதான் முறை. ஆண்டுதோறும் மிச்சமிருப்பதில் 4 சதவீதம் எடுப்பது என்று புரிந்துகொள்பவர்கள் பலர். அது வேறு கணக்கு, சந்தை விழுந்த ஆண்டில் வீட்டுச் செலவே குறைந்துவிடும். 38 ஆண்டு தேவைப்படுபவர் 25 மடங்கோடு நிற்கக் கூடாது. 30 மடங்காவது குறி வையுங்கள்.

கடன் பிரிவு அனுபவம்:

சேமிப்பு ஒரு பக்கம், கிரெடிட் கார்டு பாக்கி ஒரு பக்கம் என்று இரண்டையும் ஓட்டுபவர்கள் அதிகம். மாதம் 3 சதவீத வட்டி என்பது கூட்டுவட்டியில் ஆண்டுக்கு 42.6 சதவீதம். எந்த முதலீடும் அதற்கு ஈடு கொடுக்காது. முதலில் அதை அடைத்துவிடுங்கள். பிறகு ஆறு மாதச் செலவுக்கான அவசரப் பணம், எடுத்தால் நஷ்டம் வராத இடத்தில். வருமானம் ஒருவருடையது மட்டும், அதுவும் நிலையில்லாதது என்றால் ஒரு வருடத்துக்கு. இது இல்லாத வீட்டில் ஒரு அறுவை சிகிச்சை வந்தால் முதலில் உடைவது ஓய்வுப் பணம்தான்.

நிதி ஆலோசகர்:

அதைவிட அதிகமாக உடைப்பது பிள்ளைகளின் படிப்பு. இரண்டுக்கும் சேர்த்து ஒரே கணக்கில் போட்டால், முதலில் வரும் தேதி மொத்தத்தையும் வழித்துக்கொண்டு போய்விடும். இலக்குக்கு ஒரு கணக்கு, அதன் மேல் ஒரு தேதி. படிப்புப் பணத்தைக் கல்லூரி சேர மூன்று ஆண்டு இருக்கும்போதே பங்குகளிலிருந்து படிப்படியாக வைப்புத்தொகைக்கு மாற்றிவிட வேண்டும். சேர்க்கைத் தேதி சந்தைக்காகத் தள்ளிப்போகாது. பற்றாக்குறை வந்தால் படிப்புக்குக் கடன் கிடைக்கும், ஓய்வுக்காலத்துக்கு யாரும் கடன் தர மாட்டார்கள். பெற்றோருக்குச் சொல்லக் கஷ்டமான விஷயம்தான்.

தணிக்கைக்காரர்:

கட்டணத்தை யாரும் பார்ப்பதில்லை. மாதம் 1,000 வீதம் 30 ஆண்டு, ஆண்டுக்கு 8 சதவீத வளர்ச்சியில் போட்டால் ஏறத்தாழ 14.9 லட்சம். நிர்வாகக் கட்டணம் 1 சதவீதம் போய் 7 சதவீதம்தான் கையில் நின்றால் 12.2 லட்சம். 2.7 லட்சம் எங்கே போனது என்று எந்த அறிக்கையிலும் தனி வரியாக வராது. பத்து ஆண்டு தாமதித்து, 20 ஆண்டு மட்டும் போட்டால்? அதே 8 சதவீதத்தில் 5.9 லட்சம்தான்.

காப்பீட்டுக் கணிப்பாளர்:

சேர்ப்பதைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது, எடுப்பதைப் பற்றியும் பார்ப்போம். மூன்று ஆண்டு வளர்ச்சி –20, +10, +25 சதவீதம் என்று வையுங்கள். எதுவும் எடுக்காமல் விட்டால், எந்த வரிசையில் வந்தாலும் 100 என்பது 110 ஆகும். ஒவ்வோர் ஆண்டுத் தொடக்கத்திலும் 10 எடுத்தால், சரிவு முதலில் வரும்போது முடிவில் 72.75, வரிசை அப்படியே தலைகீழாகி (+25, +10, –20) கடைசியில் வரும்போது 82.20. சராசரி ஒன்றுதான், மிச்சம் வேறு. ஓய்வின் முதல் சில ஆண்டுகள் அபாயமானவை என்பது இதனால்தான்.

அதற்காக இரண்டு மூன்று ஆண்டுச் செலவைத் தனியே வைப்புத்தொகையில் போட்டு அதிலிருந்து மட்டும் எடுங்கள். சந்தை ஏறிய ஆண்டில் பங்குகளை விற்று அதை நிரப்புங்கள், விழுந்த ஆண்டில் பங்குகளைத் தொடாதீர்கள்.

தணிக்கைக்காரர்:

வாரிசு நியமனத்தையும் (நாமினி) பாருங்கள் சார். திருமணத்துக்கு முன் திறந்த கணக்குகளில் அப்பா பெயரே இருக்கும், அவர் காலமாகி வருடங்கள் ஆகியிருக்கும். கணக்கு எண், பாலிசி எண், நியமனதாரர் பெயர், ஆவணம் இருக்கும் இடம் நான்கையும் ஒரே தாளில் எழுதி, வீட்டில் இன்னொருவருக்குக் காட்டி வையுங்கள். கடவுச்சொல்லை அதில் எழுத வேண்டாம்.