62 வயதில் பழைய ரேஸ் சைக்கிள்: காபனா, அலுமினியமா?

கொட்டகலை ஆசிரியர் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 62 வயது, ஓய்வுபெற்ற ஆசிரியர். காலையில் தலவாக்கலை வரை சைக்கிளில் போய்வர வேண்டும், உடம்பு பழகிய பிறகு லிந்துலை, நானுஓயா வழியாக நுவரெலியாவுக்கு ஏறிவிட வேண்டும் என்பது ஆசை. புதிய ரேஸ் சைக்கிள் என் ஓய்வூதியத்துக்கு எட்டாது. பழையவை இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறேன், விலை ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலாவது கண்டியில் இருக்கிறது. காபன் பிரேம், ஷிமானோ 105 கியர்த் தொகுதி, முன் பல்சக்கரங்கள் 53/39 பல், பின்னால் 12 முதல் 25 பல் வரை, சக்கர வளையத்தை (ரிம்மை) பிடிக்கும் ரிம் பிரேக், 23 மில்லிமீற்றர் டயர். எட்டுக் கிலோதான். இரண்டாவது அட்டனில். அலுமினியம், ஷிமானோ சோரா, முன்னால் 50/34, பின்னால் 11–32, சக்கர நடுவிலுள்ள தட்டைப் பிடிக்கும், கேபிளில் இயங்கும் டிஸ்க் பிரேக், 32 டயர். பத்தரைக் கிலோ.

மலை ஏறுவதற்கு எடை குறைந்ததுதான் நல்லது, காபனை எடுங்கள் என்கிறான் மகன். எனக்கு வலது முழங்காலில் வலி உண்டு. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரையும் எடுக்கிறேன். என் இடத்தில் நீங்கள் இருந்தால் எதை வாங்குவீர்கள்?

அட்டன் சைக்கிள் திருத்துநர்:

ஐயா, வணக்கம். பல ஆண்டுகளாக இந்த மலைகளில் ஓடும் சைக்கிள்களைத் திருத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: அலுமினியத்தை எடுங்கள்.

உங்கள் எடை எழுபது கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஏற்றத்தில் நீங்கள் தூக்கிச் செல்வது உங்களையும் சைக்கிளையும் சேர்த்துத்தான். ஒன்றில் 78 கிலோ, மற்றதில் 80½. வித்தியாசம் நூற்றுக்கு மூன்று. கியரைப் பாருங்கள். காபனில் மிக இலேசான கியர் 39க்கு 25. பெடலை ஒருமுறை சுற்றினால் பின்சக்கரம் ஒன்றரைச் சுற்றுக்கு மேல் சுற்றும். மற்றதில் 34க்கு 32, ஏறக்குறைய ஒரு சுற்றுத்தான். அதே ஏற்றத்தில் பெடலுக்குக் கொடுக்க வேண்டிய விசை மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் காபனில் மணிக்குப் பன்னிரண்டு கிலோமீற்றர் வேகத்தில் போய்க்கொண்டிருக்க வேண்டும். தலவாக்கலை ஏறக்குறைய 1,200 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, நுவரெலியா 1,868. நானுஓயாவுக்கு மேலே அந்த வேகம் உங்களால் முடியாது. எனக்கும் முடியாது. வேகம் குறையும்போது சுற்றும் குறையும், நின்று மிதிக்க வேண்டிவரும், முழுப் பாரமும் முழங்காலில் விழும். வலிக்கிற முழங்காலோடு அந்தக் கியரில் ஏறாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

அடுத்தது பிரேக். மே முதல் செப்டெம்பர் வரை நம் பக்கம் மழைதான். நனைந்த ரிம்மில் பிரேக் கட்டை முதலில் வழுக்கும், பிறகுதான் பிடிக்கும். சேறும் மணலும் சேர்ந்து ரிம்மை அரைத்துத் தள்ளிவிடும். யார் ரிம் பிரேக் சைக்கிள் வாங்கினாலும், ரிம்மின் பக்கத்தில் ஒரு நேரான அடிமட்டத்தை வைத்துப் பாருங்கள். நடுவில் குழி விழுந்திருந்தால் அந்தச் சக்கரத்தோடு இறக்கத்தில் இறங்கக் கூடாது. கேபிள் டிஸ்க் என்றால் கட்டையை மாற்றுவதும் கேபிளை இறுக்குவதும் நீங்களே வீட்டில் செய்யக்கூடிய வேலை.

விழுந்து அடிபட்ட காபன் வெளியே பளபளப்பாகவே இருக்கும், உள்ளே விரிசல் ஓடியிருக்கலாம். முந்திய சொந்தக்காரர் எப்படி ஓட்டினார் என்று தெரியாத காபன் பிரேமை, முக்கியமாக முன்சக்கரத்தைத் தாங்கும் கவட்டை (போர்க்கை), நான் எவருக்கும் சிபாரிசு செய்வதில்லை. அலுமினியத்தில் ஒட்டு வைத்த இடங்களையும் பெடல் அச்சின் சுற்றுப்புறத்தையும் துடைத்துவிட்டு டோர்ச் அடித்துப் பாருங்கள். மயிரிழைக் கோடு தெரிந்தால் வேண்டாம்.

கண்டி ஓட்டுநர்:

காபன் சைக்கிளின் கியரை மாற்றிக்கொள்ளலாமே? பின்னால் 34 பல் கேசட் (பின்சக்கரப் பல்சக்கரத் தொகுதி) போட்டால் முடிந்தது. அந்தப் பிரேமின் ஓட்டமே தனி.

அட்டன் சைக்கிள் திருத்துநர்:

தம்பி, ஓட்டம் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காலத்து 105இன் குட்டையான பின் டெரெய்லர், அதாவது செயினைப் பல்சக்கரம் மாற்றும் கருவி, 28 பல்லுக்கு மேல் ஏற்காது. முன்னால் 39ஐக் கழற்றி 34 போடவும் வழியில்லை, அந்தக் கிராங்கில் (பெடல் கையில்) பல்சக்கரத்தைப் பொருத்தும் ஆணிகளின் வட்டத்துக்கு 38 பல்லுக்குக் குறைந்தது பொருந்தாது. கிராங்க், டெரெய்லர், கேசட், செயின் எல்லாம் மாற்றினால் சைக்கிளின் விலையில் பாதி போய்விடும்.

பண்டாரவளை அக்கா:

சேர், நான் 57 வயதில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். கியரைப் பற்றி அண்ணன் சொன்னதற்கு மேல் எதுவும் இல்லை. ஆனால் பிரேமின் அளவைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லையே! உங்கள் உயரம் என்ன? பெரிய பிரேமில் கை எட்டி எட்டிக் கழுத்தும் தோளும் பிடித்துக்கொள்ளும், விரல்கள் மரத்துப்போகும். ஹேண்டிலைத் தாங்கும் ஸ்டெம் 110 மில்லிமீற்றர் என்றால் 80 ஆக்கலாம், சிறிது மேல்நோக்கியதாகவும் போடலாம். அதைவிடவும் குட்டையாக வேண்டுமென்றால் சைக்கிளே உங்களுக்குப் பொருந்தாதது. அப்புத்தளைப் பக்கம் காலைக் குளிரில் கை விறைத்துவிடும், அப்போது பிரேக் நெம்புகோல் விரலுக்கு எட்ட வேண்டும். உட்கார்ந்து பிடித்துப் பாருங்கள்.

மாத்திரை பற்றியும் சொல்ல வேண்டும். சில இரத்த அழுத்த மாத்திரைகள் இதயத் துடிப்பை அதிகரிக்க விடாது, ஏற்றத்தில் மூச்சு முன்னதாகவே வாங்கும். தொடங்குவதற்கு முன் உங்கள் வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கொட்டகலை ஆசிரியர்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. வைத்தியர் சம்மதித்துவிட்டார், மெதுவாகத் தொடங்கச் சொன்னார். நேற்று அட்டன் சைக்கிளைப் போய்ப் பார்த்தேன். நான் 168 சென்றிமீற்றர், பிரேமில் அளவு 54 என்று இருக்கிறது. ஹேண்டில் சற்றுத் தூரமாகத் தெரிந்தது. ஒட்டுகள் சுத்தமாக இருக்கின்றன. முன்பிரேக்கைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினேன், தலைப்பகுதியில் தளர்வு இல்லை. செயின்தான் பழையது. ஆணியிலிருந்து ஆணிக்கு 12 அங்குலம் வர வேண்டிய இடத்தில் எட்டில் ஒரு அங்குலம் கூடுதலாக நீண்டிருக்கிறது. இதற்காக விட்டுவிட வேண்டுமா?

அட்டன் சைக்கிள் திருத்துநர்:

விட வேண்டாம் ஐயா, விலையைக் குறையுங்கள். பதினாறில் ஒரு அங்குலம் நீண்டதுமே செயினை மாற்றியிருக்க வேண்டும். இந்த அளவுக்கு வந்தால் கேசட்டும் தேய்ந்திருக்கும், புதுச் செயினைப் பழைய கேசட்டில் போட்டால் அழுத்தி மிதிக்கும்போது பல்லில் வழுக்கும். இரண்டின் விலையையும் எங்காவது விசாரித்துக்கொண்டு, அந்தத் தொகையைக் கழித்துக் கேளுங்கள். அந்தச் சைக்கிளில் இருக்கும் சோரா டெரெய்லர் ஏற்குமானால், கேசட் மாற்றும்போதே 11–34 போட்டுவிடலாம். முன்னால் 34, பின்னால் 34, சரியாக ஒரு சுற்றுக்கு ஒரு சுற்று. அக்கா சொன்னபடி 80 ஸ்டெம்மும் வேண்டும். வாங்கியதும் முதல் ஓட்டம் கொட்டகலைக்கு வேண்டாம், வண்டியில் ஏற்றிக்கொண்டு நேரே கடைக்கு வாருங்கள்.

பண்டாரவளை அக்கா:

168க்கு 54 கொஞ்சம் பெரியதுதான், ஆனால் குட்டை ஸ்டெம்மோடு சரிவரும். கடைக்குப் போகும்போது, ஓட்டும்போது நீங்கள் போடப்போகிற சப்பாத்தையே போட்டுக்கொண்டு போங்கள் சேர், சீட்டின் உயரத்தை அதை வைத்துத்தான் அளக்க வேண்டும்.