'பொருளாதாரச் சேத நிலை': ஒரே பெயரில் அடைபட்ட இரண்டு வரம்புகள்

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

பயிர்ப் பாதுகாப்புச் சொற்களைத் திரட்டும் இந்த இழையில், பூச்சி எந்த அளவை எட்டும்போது மருந்தடிக்க இறங்க வேண்டும் என்று சொல்லும் 'எக்கனாமிக் திரெஷோல்டு லெவல்' என்பதற்குப் 'பொருளாதாரச் சேத நிலை' என்ற சொல் ஏற்கெனவே வழங்கிவரும்போது புதுச்சொல் எதற்கு என்று ஓர் அன்பர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. வழக்கில் வேரூன்றிய சொல்லைக் காரணமின்றி அசைக்கக் கூடாது என்பதே என் கருத்தும். ஆனால் இந்தச் சொல்லை அசைக்கக் காரணம் இருக்கிறது என்பதை நான் தெரிந்துகொண்டது அகராதியைப் பார்த்து அன்று. அரூர் வட்டத்தில் மக்காச்சோளம் பயிரிடும் என் உறவுக்காரப் பையன் ஒருவன் கேட்ட கேள்வியால்.

அவன் கையில் இருந்த துண்டறிக்கை, மக்காச்சோளக் குருத்தைத் தின்னும் படைப்புழுவின் தாக்குதல் பொருளாதாரச் சேத நிலையைத் தாண்டும்போது மருந்து தெளிக்க வேண்டும் என்று சொன்னது. அதைப் படித்துவிட்டு, "சேதமான அப்புறம் மருந்தடிச்சு என்ன புண்ணியம், மாமா?" என்று கேட்டான். அந்த வரியை அதோடு விட்டுவிட்டு, குருத்தில் முதல் புழுவைக் கண்ட அன்றே தெளிப்பானைத் தோளில் ஏற்றினான். பக்கத்துக் கொல்லைக்காரரோ அதே வரியை நம்பி, சேதம் கண்ணுக்குத் தெரியட்டும் என்று காத்திருந்தார். குருத்துக்குள் மரத்தூள் போல் எச்சம் அடைத்துக்கொண்ட பிறகு அவர் அடித்த மருந்து உள்ளே இருந்த புழுவைத் தொடவே இல்லை. இருவருமே எழுத்தறிந்தவர்கள், கவனமான விவசாயிகள். அவர்களை இரண்டு பக்கமும் தவறவிட்டது ஒரு சொல்.

தவறு எங்கே என்று பார்ப்போம். பூச்சியியலில் இரண்டு தனித்தனி அளவுகள் உண்டு. 1959-இல் கலிபோர்னியாவில் குதிரைமசால் பயிரைத் தாக்கிய அசுவினியை முன்னிட்டு ஸ்டெர்ன், ஸ்மித், வான் டென் பாஷ், ஹேகன் ஆகிய நால்வரும் 'ஹில்கார்டியா' இதழில் எழுதிய கட்டுரையில் இவற்றைப் பிரித்துக் காட்டினார்கள். முதலாவது 'எக்கனாமிக் இன்ஜுரி லெவல்': பூச்சியால் வரும் இழப்பு, அதைக் கட்டுப்படுத்த ஆகும் செலவை ஈடுசெய்யும் அளவுக்கு வந்துவிடும் மிகக் குறைந்த பூச்சி எண்ணிக்கை. இரண்டாவது 'எக்கனாமிக் திரெஷோல்டு': பெருகிக்கொண்டிருக்கும் பூச்சி அந்த முதல் அளவை எட்டிவிடாதபடி தடுக்க நாம் இறங்கவேண்டிய எண்ணிக்கை. இரண்டாவது, முதலாவதற்குக் கீழே இருந்தாக வேண்டும். மருந்து வாங்கி வந்து அடித்து அது வேலை செய்யும் வரை பூச்சி பெருகாமல் நமக்காகக் காத்திருக்காது. அந்த இடைவெளிக்காகவே இரண்டாவது அளவு வகுக்கப்பட்டது. தமிழில் நாம் இந்த இரண்டையும் 'பொருளாதாரச் சேத நிலை' என்றே எழுதிவருகிறோம். அதாவது, இறங்கவேண்டிய இடத்துக்கு, சேதம் நேர்ந்துவிடும் இடத்தின் பெயரைச் சூட்டியிருக்கிறோம்.

நம் கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையை நினைத்துப் பாருங்கள். அணையின் முழு உயரம் 52 அடி. நீர்மட்டம் அதை நெருங்கும்போதே தென்பெண்ணைக் கரையோர மக்களுக்கு எச்சரிக்கை போய்விடுகிறது. 52 அடி நிரம்பட்டும் என்று யாரும் காத்திருப்பதில்லை. எச்சரிக்கை விடும் மட்டத்தையும் அணை நிரம்பும் மட்டத்தையும் ஒரே பெயரால் குறித்தால் கரையோரத்தில் என்ன நடக்குமோ, அதுதான் கொல்லையில் நடக்கிறது.

படைப்புழுவின் வாழ்க்கை இதை இன்னும் கூர்மையாக்குகிறது. 2018-இல் கர்நாடகத்தில் முதலில் கண்டறியப்பட்டு அதே ஆண்டில் தமிழ்நாட்டுக்கும் வந்துவிட்ட இந்தப் புழு, ஆறு பருவங்களைக் கடந்து கூட்டுப்புழுவாகிறது. சிறு பருவங்களில் இலையின் பச்சையைச் சுரண்டி, கண்ணாடித்தாள் போன்ற வெண்திட்டுகளை விட்டுச்செல்லும். அப்போது அது தின்பது சொற்பம், மருந்தும் எளிதில் சேரும். அது தன் வாழ்நாளில் தின்பதில் பெரும்பகுதியைக் கடைசி இரண்டு பருவங்களில்தான் தின்கிறது. அப்போது குருத்தின் ஆழத்தில், தன் எச்சத்தையே மூடியாக வைத்து உட்கார்ந்திருக்கிறது. தலையில் தலைகீழான 'ஒய்' வடிவக் கோடும், வால்பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளிகளும் தெளிவாகத் தெரியும் அளவுக்குப் புழு வளர்ந்துவிட்டால் நல்ல தருணத்தின் பெரும்பகுதி போய்விட்டது என்றே கொள்ள வேண்டும். ஆகவே 'சேதம்' என்ற சொல்லைப் படித்து, சேதத்தைத் தேடிப் போகிறவர் எப்போதும் பிந்தியே போய்ச்சேருவார்.

இனிச் சொற்களுக்கு வருகிறேன். குழுமத்தில் இதுவரை வந்த முன்மொழிவுகளில் 'பொருளாதார நுழைவாயில்' ஆங்கிலச் சொல்லின் வாசற்படிப் பொருளை அப்படியே எடுத்துவந்தது. தமிழில் அதைக் கேட்பவருக்குப் புழு நினைவுக்கு வராது. 'செயல் வரம்பு' பார்க்க அழகாக இருந்தாலும், ஓர் அலுவலரின் அதிகார எல்லையைக் குறிப்பதாகவே அரசு எழுத்தில் பொருள்படும். நட்டம், அதாவது இழப்பு, என்ற பொருளில் வந்த 'நட்ட வரம்பு' என்பதைச் சில நாள் நானே ஆதரித்தேன். ஆனால் உழவுப் பேச்சில் 'நட்ட' என்றால் நாற்று நட்டது; 'நட்ட வரம்புக்கு மேல்' என்ற தொடரைப் படித்துக்காட்டியபோது, எத்தனை செடி நட்டால் எத்தனை புழு என்ற கணக்கு இது என்று ஒரு மூத்த விவசாயி எடுத்துக்கொண்டார். அதோடு அதைக் கைவிட்டேன்.

'நிலை' என்ற ஈற்றுச்சொல்லையும் மாற்ற வேண்டும் என்பது என் எண்ணம். நிலை என்பது ஒரு தன்மையைச் சொல்லும். இங்கே வேண்டியது எண்ணிப் பார்த்துத் தொட்டதா தொடவில்லையா என்று சொல்லக்கூடிய ஒன்று. 'வரம்பு' அதைத் தருகிறது. வரம்பைத் தொடலாம், தாண்டலாம், வரம்புக்குள் இருக்கலாம். வயல் வரப்பும் இதே சொல்லின் உறவு என்பதால் உழவருக்கு இது அந்நியமாகவும் ஒலிக்காது.

அடுத்தது 'பொருளாதார' என்ற அடைமொழி. செய்தியில் அது நாட்டின் நிலைமை. வீட்டில் அது வறுமைக்கு மரியாதையான பெயர். பூச்சியியல் சொல்லும் கருத்து இதைவிடச் சிறியது, துல்லியமானது: போடுகிற காசு திரும்பி வருமா? இதற்குத் தருமபுரி, கிருஷ்ணகிரி மண்டிகளில் அன்றாடம் புழங்கும் சொல் ஒன்று இருக்கிறது. தக்காளிப் பெட்டியை இறக்கி வைத்தவர், விலையைக் கேட்டதும் "கட்டுபடி ஆகாதுங்க" என்கிறார். 'கட்டுபடியான விலை' என்று நாளிதழ்களும் எழுதுகின்றன. அந்த 'கட்டுபடி'தான் முதல் அளவின் முழுப்பொருள்.

ஆகவே என் முன்மொழிவு: 'எக்கனாமிக் இன்ஜுரி லெவல்' என்பதற்குக் கட்டுபடி வரம்பு; 'எக்கனாமிக் திரெஷோல்டு' என்பதற்குத் தடுப்பு வரம்பு.

கட்டுபடி வரம்பு எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு கணக்கால் சொல்கிறேன்; தொகைகள் விளக்கத்துக்கு வைத்துக்கொண்டவை. ஒரு ஏக்கர் மக்காச்சோளத்துக்கு ஒருமுறை தெளிக்க மருந்தும் கூலியுமாக 1,200 ரூபாய்; விற்கும் விலை குவிண்டாலுக்கு 2,400 ரூபாய். அப்படியானால் செலவு 50 கிலோ மக்காச்சோளத்துக்குச் சமம். தெளிப்பு, வரவிருக்கும் இழப்பில் 80 விழுக்காட்டை மட்டுமே காப்பாற்றும் என்றால், 62.5 கிலோ இழப்பு எதிர்பார்க்கப்படும்போதுதான் அந்தச் செலவு கட்டுபடியாகும். ஏக்கருக்கு 25 குவிண்டால் விளையும் கொல்லையில் இது 2.5 விழுக்காடு. அவ்வளவு இழப்பை உண்டாக்கும் புழு எண்ணிக்கை எதுவோ அதுவே கட்டுபடி வரம்பு. விலை 1,800 ரூபாயாக விழுந்தால் 83 கிலோவுக்கு மேல் இழப்பு எதிர்பார்க்கப்படும்போதுதான் அதே 1,200 ரூபாய் கட்டுபடியாகும்; வரம்பு தானாக மேலே நகர்ந்துவிடும். விலை வீழ்ந்த ஆண்டில் கூடுதலாகப் புழுவைப் பொறுத்துக்கொள்வதே அறிவு என்பதை, 'கட்டுபடி' என்ற சொல்லைக் கேட்டவருக்கு விளக்கவே தேவையில்லை.

தடுப்பு வரம்பு அப்படி ஒவ்வொருவரும் கணக்குப் போட்டு அறிவதன்று. ஆராய்ந்தவர்கள் பயிருக்கும் பருவத்துக்கும் ஏற்ப எண்ணாகத் தருவது. சோளத்தில் குருத்து ஈக்கு, நூற்றுக்குப் பத்து செடியில் குருத்து காய்தல். சோளக்கதிர் நாவாய்ப்பூச்சிக்கு, கதிருக்குப் பத்து. நெல்லில் புகையான் பூச்சிக்குத் தூருக்கு, அதாவது ஒரு கிளைத்தண்டுக்கு, ஒன்று. ஆனால் குத்துக்கு, அதாவது பல தூர்கள் சேர்ந்த ஒரு நெற்பயிருக்கு, ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம் என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரை சொல்கிறது. அந்தச் சிலந்தி விதி எனக்கு மிகவும் பிடித்தது. நமக்குப் பதிலாக இன்னொருவர் காவல் நிற்கும்போது, நாம் இறங்கவேண்டிய வரம்பு உயர்கிறது. 'சேத நிலை' என்ற பெயரில் இந்த நயம் எங்கும் ஒட்டாது. 'தடுப்பு வரம்பு' என்றால் இயல்பாகப் பொருந்துகிறது.

வரக்கூடிய இரண்டு மறுப்புகளுக்கு இப்போதே விடை சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, 'தடுப்பு' என்றால் நோய் வருமுன் போடும் தடுப்பூசி நினைவுக்கு வந்து, விவசாயி பூச்சி வருமுன்பே மருந்தடிக்கத் தொடங்கிவிடுவாரே என்பது. இது கனமான மறுப்பு. நானும் இதில் வெகுநேரம் நின்றேன். ஆனால் மூல வரையறையிலேயே தடுத்தல் இருக்கிறது. தடுக்கப்படுவது பூச்சியின் வருகை அன்று, அது கட்டுபடி வரம்பை எட்டுவது. விதை நேர்த்தி, அடியுரமாக வேப்பம் பிண்ணாக்கு, வரப்போரம் தட்டைப்பயறு அல்லது சூரியகாந்தி விதைத்தல் போன்று பூச்சி வருமுன் செய்பவற்றுக்கு 'முன்காப்பு' என்ற தனிச்சொல்லை நாம் கண்டிப்பாகப் பயன்படுத்திவந்தால் குழப்பம் நீங்கும். தடுப்புக்குப் பின்னால் 'வரம்பு' நிற்பதும் உதவுகிறது. வரம்பு என்று ஒன்று இருந்தால் அதற்குக் கீழே சும்மா இருக்கலாம் என்பதும் அதிலேயே அடக்கம்.

இரண்டாவது, எழுத்து பற்றியது. சிலர் 'கட்டுப்படி' என்று ஒற்றுடன் எழுதுகிறார்கள். இங்கே அது ஆகாது. பூச்சியைக் 'கட்டுப்படுத்துதல்' என்ற சொல் ஒவ்வொரு வரியிலும் வரும் துறை இது. ஒற்று மிகுந்தால் 'கட்டுப்படி வரம்பு' என்பது பூச்சி கட்டுப்படும் வரம்பு என்றே வாசிக்கப்படும். ஒற்றில்லாமல் 'கட்டுபடி' என்பதையே கலைச்சொல்லாகக் கொள்ள வேண்டும். பேச்சிலும் அப்படித்தான் ஒலிக்கிறது.

'எக்கனாமிக் திரெஷோல்டு லெவல்' என்பதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'இடிஎல்' என்றே தமிழில் எழுதிவிடலாமே என்று வந்த கருத்தை நான் ஏற்கவில்லை. களப் பணியாளர்கள் தங்களுக்குள் அப்படிச் சொல்வது உண்மைதான். ஆனால் அந்த மூன்று எழுத்துகளிலிருந்து விவசாயி எதையும் ஊகித்துக்கொள்ள முடியாது.

இந்தச் சொற்களைக் கொண்டு அந்தத் துண்டறிக்கை வரியை மாற்றி எழுதிப் பார்த்தேன்: "கொல்லையில் ஐந்து இடங்களில், இடத்துக்கு 20 செடியாக 100 செடிகளின் குருத்தைப் பிரித்துப் பாருங்கள். தாக்கப்பட்ட செடிகளின் எண்ணிக்கை பயிரின் இந்தப் பருவத்துக்கு உரிய தடுப்பு வரம்பைத் தொட்டிருந்தால் அன்றே மருந்து தெளியுங்கள். அதற்குக் கீழே இருந்தால் தெளிக்க வேண்டாம். சில நாள் கழித்து மீண்டும் எண்ணுங்கள். கட்டுபடி வரம்பு வரை காத்திருக்க வேண்டாம்." அரூர்ப் பையனிடம் இதைப் படித்துக்காட்டினேன். அவன் கேட்டது ஒன்றே ஒன்று: "இந்தப் பருவத்துக்கு எத்தனை, மாமா?" அந்த எண்ணைத் துண்டறிக்கையிலேயே அச்சிட வேண்டும் என்பதையும் இந்த முன்மொழிவோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

நச்சுயிரியைப் பரப்பும் வெள்ளை ஈ, அசுவினி போன்றவற்றுக்கு இந்த இரண்டு வரம்புகளும் ஏறக்குறைய ஒட்டிக்கொண்டே நிற்கும். ஒரு சில பூச்சிகளே நோயைக் கொல்லை முழுவதும் கொண்டுசேர்த்துவிடும். அங்கே 'தடுப்பு வரம்பு' என்ற சொல் தாங்குமா, வேறு அடைமொழி வேண்டுமா என்பதில் குழுமத்தாரின் கருத்தை எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்,
கிருஷ்ணகிரியிலிருந்து