மூன்றாவது போர் (ஆழ்துளைக் கிணறு) போடலாமா, வேண்டாமா?

நொய்யல்கரை:
பல்லடம் பக்கம் மூன்றரை ஏக்கர் தென்னை எங்களுக்கு. முதல் போர் 850 அடி, இரண்டாவது 1,100 அடி, இரண்டிலும் தண்ணீர் இல்லை, புகைதான். இப்போது தம்பி நகையை அடகு வைத்து 1,400 அடிக்கு மூன்றாவது போடுவேன் என்று நிற்கிறான், நான் வேண்டாம் என்கிறேன், ஒரு வாரமாக இரண்டு பேருக்கும் பேச்சே இல்லை. நீங்க என்ன சொல்றீங்க?

காட்டுக்காரன்:
போடட்டும் விடுங்க. துணிந்து இறங்கியதால்தான் நம்ம ஊர் இப்படி நிற்கிறது. திருச்செங்கோட்டு ரிக் வண்டி வடநாடு வரை போய் ஓட்டை போடுகிறதே, வானம் பார்த்த பூமிக்காரர்கள் கடன் வாங்கி எடுத்த வண்டிகள் அவை. திருப்பூரில் தையல்காரருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடியாக வேலைக்குச் சேர்ந்து, பிறகு பனியன் கம்பெனி வைத்தவர்களையும் பார்த்திருப்பீங்க.

பழையகணக்கு:
அண்ணா, ஜெயித்தவர் ஊரிலேயே இருக்கிறார், கண்ணில் படுகிறார். தோற்றவர் காட்டை விற்றுவிட்டுப் போய்விட்டார், அவரை யார் கணக்கில் சேர்ப்பது? 2012இல் முழுகிப்போன பெருந்துறைப் பக்கத்து ஈமு கோழிக் கம்பெனியில் பணம் கட்டியவர்களும் துணிந்தவர்கள்தான். எங்க அப்புச்சி மாடு விற்ற காசைக் கட்டினார். கம்பெனி கைவிட்ட பிறகு, தீவனத்துக்கு வழியில்லாமல் ஆளுயரப் பறவைகள் வேலிக்கம்பியில் கழுத்தைத் தேய்த்துக்கொண்டு நிற்கும், அவர் எதிரில் கட்டிலைப் போட்டுப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

காட்டுக்காரன்:
ஈமு அடுத்தவன் பேச்சை நம்பிப் போட்ட பணம். போர் சொந்தக் காட்டில் போடுவது. நானே நாலு போட்டவன். மூன்றாவது 1,250 அடி, தேங்காய் வைத்து நீரோட்டம் பார்த்த இடம், விடிய விடிய வெள்ளைப் பாறை மாவு பறந்து வாழை இலையெல்லாம் மூடியதுதான் மிச்சம். நாலாவது ஓடையோரம், 480 அடியில் இரண்டு இஞ்சுத் தண்ணீர்.

பழையகணக்கு:
உங்களுக்குத் தண்ணீர் கொடுத்தது ஆழம் இல்லையே, இடத்தை மாற்றியதுதானே? நம்முடையது கெட்டிப் பாறை, வெடிப்பில்தான் தண்ணீர் ஓடும், பொதுவாகக் கீழே போகப்போக வெடிப்பும் குறையும். மூன்று தோல்வியில் நீங்க கற்றது அது. நொய்யல்கரை தம்பி இன்னும் 300 அடி என்று மட்டும்தான் கற்றிருக்கிறார். கானமன், ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979இல் எழுதினார்கள்: லாபம் தெரிகிறபோது மனிதன் உள்ளது போதும் என்று ஒதுங்குவான், நஷ்டத்தில் நிற்கிறபோதுதான் அதை ஈடுகட்ட மேலும் பணயம் வைப்பான். உங்க தம்பி பேராசைக்காரர் இல்லைங்க, போட்ட பணத்தை விட மனசு வராமல் தவிக்கிறார்.

காட்டுக்காரன்:
இடம் மாற்றியது உண்மைதான், ஒத்துக்கிறேன். ஆனால் முதல் மூன்றைப் போடாமல் அந்தப் புத்தி எனக்கு எங்கிருந்து வந்திருக்கும்? கரையில் உட்கார்ந்து யோசித்தால் வராது.

மஞ்சக்காடு:
நான் ஈரோட்டுப் பக்கம், பண்ணைய வீட்டு மருமகள். இவ்வளவு பேசுறீங்களே, அடகுக்குப் போகிற நகை யாருடையது? எங்க வீட்டில் போர் போட என் வளையல் போனது, ஒரு வார்த்தை கேட்கவில்லை. தண்ணீர் வந்தது, சந்தோஷம்தான். ஆனாலும் பயந்தது நான், துணிச்சல்காரர் என்ற பேர் அவருக்கு.

நொய்யல்கரை:
தம்பி மனைவியின் நகை அக்கா. அந்தப் பெண்ணிடம் நாங்கள் இரண்டு பேருமே கேட்கவில்லை. வியாழக்கிழமை வரச் சொன்ன வண்டியைத் தள்ளி வைக்கச் சொல்லியிருக்கிறேன். இன்று ராத்திரி மூன்று பேரும் உட்கார்ந்து பேசுகிறோம்.

காட்டுக்காரன்:
பேசுங்க. மரம் காய்வதையும் அந்தப் பெண்ணிடம் மறைக்காமல் சொல்லுங்க. அப்புறம் ஓடைப் பக்கம் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்க.